சமதரை நகரத்தில் கியர் எதற்கு?

சென்னையில் கியர் சைக்கிள் வாங்கி வருபவரிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே எந்த மலை இருக்கு, ஏறுறதுக்கு?" என்பதுதான். கேள்வியில் நியாயம் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை விட்டால் இந்த ஊரில் மேடு என்று சொல்ல மேம்பாலங்கள்தான் இருக்கின்றன. ஆனாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்தும் இடங்களில் இன்று வரிசையாகச் சாய்ந்து நிற்பவை கியர் சைக்கிள்களே. பொருள் வந்து சேர்ந்துவிட்டது, அதை ஓட்டும் பழக்கம் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் கணிப்பு. அந்தப் பழக்கத்தைப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

ஒருவர் கியரை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று அவரிடம் கேட்கவே வேண்டாம். பின்சக்கரத்தைப் பார்த்தால் போதும். சர்வீஸுக்கு வந்த 21 கியர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃப்ரீவீலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏழு பல்சக்கரங்களில் ஆகச் சின்னது மட்டும் வெள்ளையாக மின்னும். பல் நுனிகள் சுறாவின் துடுப்பு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். அடுத்ததில் லேசான தேய்மானம். மீதி ஐந்தும் வாங்கிய நாளின் கறுப்பு மாறாமல், மேலே புழுதியும் கிரீஸும் சேர்ந்த பிசுக்கோடு கிடக்கும். "இருபத்தொண்ணுக்குக் காசு குடுத்துட்டு ரெண்டைத்தான் சார் ஓட்டுறாங்க" என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்வது.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் 21 கியர் சைக்கிளில் முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு சக்கரங்கள். முன்னால் நடுச் சக்கரம், பின்னால் ஆகச் சின்னது என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.43 முறை சுற்றும். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் வழக்கமாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல். அதை வகுத்தால் 2.44. ஆக, கியர் சைக்கிளை வாங்கி அந்த இடத்திலேயே பூட்டி வைத்து ஓட்டுகிறவர், கணக்குப்படி தாத்தாவின் ஹெர்குலிஸைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். சக்கரம் கொஞ்சம் சின்னது, விலை ரொம்பப் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம். முன்னாலும் பெரிய சக்கரத்தில் ஏற்றி வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு விகிதம் 3. தாத்தாவைவிடக் கனமாக மிதிக்கிறார்.

அதன் விலையைச் சிக்னலில் பார்க்கலாம். அண்ணா சாலையில் நந்தனம் பக்கம், காலை ஒன்பதரை மணி. டாப் கியரில் வந்து அப்படியே பிரேக் பிடித்து நின்றவர், பச்சை விழுந்ததும் சீட்டிலிருந்து எழுந்து உடம்பின் மொத்தப் பாரத்தையும் ஒரு பெடலில் இறக்குகிறார். சைக்கிள் நகர்வதற்குள் ஹேண்டில்பார் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆடுகிறது. ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர்காரர் காலை ஊன்றுகிறார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. அப்போதுதான் கியர் நினைவு வந்து, கட்டைவிரலால் மூன்று நான்கு கியரை ஒரே தள்ளாகத் தள்ளுகிறார். முழு அழுத்தத்தில் இருக்கும் செயின் கறகறவென்று பல்லைக் கடித்து, ஏறாமல் இறங்காமல், கடைசியில் கழன்று தொங்குகிறது. நடுச்சாலையில் குனிந்து, விரலில் மசி படச் செயின் மாட்டும் ஒருவரைச் சுற்றிப் போக்குவரத்து பிரிந்து ஓடுகிறது.

செய்ய வேண்டியிருந்தது சின்ன விஷயம். சிவப்பைத் தூரத்தில் பார்த்ததுமே, கால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மாற்றும் அந்த நொடியில் பெடலைச் சுற்றுவதை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். நின்று கிளம்பும்போது முதல் இரண்டு சுற்று இலகுவாக விழும், சைக்கிள் நேர்கோட்டில் போகும். இதைச் செயின் ஆயுள், முழங்கால் வலி என்று ஓட்டுபவரின் சொந்த லாபமாகவே எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இதை நான் சாலை நாகரிகம் என்று சொல்லக் காரணம் வேறு. நெரிசலில் சைக்கிள்காரர் மற்றவர்களுக்குத் தரக்கூடிய ஒரே உத்தரவாதம், தான் நேராகப் போவேன் என்பது. டாப் கியரில் கிளம்புகிறவரால் அதைத் தர முடியாது.

ஓட்டுபவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. விற்கும்போது கியரை யாரும் விளக்குவதில்லை. "லெஃப்ட்ல மூணு, ரைட்ல ஏழு" என்பதோடு பாடம் முடிகிறது. முன்னால் பெரிய சக்கரத்துக்குப் போனால் மிதிப்பது கனக்கும், பின்னால் பெரிய சக்கரத்துக்குப் போனால் இலகுவாகும். இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்கின்றன. இதைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டாமல் யாருக்கும் புரியாது. முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று செயினைக் குறுக்காக இழுத்து ஓட்டக்கூடாது என்பதும் அதனால் 21 என்பது உண்மையில் 21 இல்லை என்பதும் அட்டையில் அச்சடிக்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் என்ற அமைப்பே செயின் ஓடினால்தான் மாறும். நின்றபின் மாற்ற முடியாது. முன்யோசனை உள்ளவருக்கு மட்டும் பயன்படும் கருவியை, திடீர் பிரேக்கும் திடீர் குறுக்கேறலும் நிறைந்த ஒரு நகரத்தின் கையில் கொடுத்திருக்கிறோம்.

கியர் இல்லாத சைக்கிள்காரர் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு மூன்று எட்டு உதைத்து, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு காலைச் சுழற்றி சீட்டில் உட்காருவார். பால்காரரும் பேப்பர்காரரும் இப்படித்தான் ஏறுவார்கள். அழகுக்காகச் செய்த வித்தை இல்லை அது; 2.44 விகிதத்தை நின்ற நிலையிலிருந்து மிதித்துக் கிளப்பும் பாரத்தை முழங்காலில் ஏற்றாமல் தரையில் இறக்கிவிடும் உபாயம். அவருடைய முதல் கியர் அவர் வலது கால். ஆனால் இருபுறமும் வண்டி ஒட்டி நிற்கும் இன்றைய சிக்னலில் காலைச் சுழற்ற இடமில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முடிந்தவரை நிற்கவே மாட்டார். தூரத்திலேயே மிதிப்பதை விட்டு, பச்சை விழும்வரை ஊர்ந்து வருவார். விழவில்லை என்றால் இடைவெளி பார்த்துச் சிவப்பிலேயே கடப்பார். அரை கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் என்றால் ராங் சைடில் ஓரமாக வந்துவிடுவார். சைக்கிள்காரர்களுக்குச் சாலை விதி தெரியாது என்று காரில் இருந்தபடி அலுத்துக்கொள்பவர்கள், ஒவ்வொரு நிறுத்தமும் அவரிடம் எவ்வளவு பிடுங்குகிறது என்று யோசிப்பதில்லை. இருபது கிலோ சைக்கிள், கேரியரின் இரு பக்கமும் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் என்றால், தன் எடைக்கு மேல் அறுபது கிலோவை ஒவ்வொரு சிக்னலிலும் சூனியத்திலிருந்து கிளப்ப வேண்டும். இதனால் ராங் சைடு சரியாகிவிடாது. எதிரே வரும் இரு சக்கர வாகனக்காரருக்கு அது கொலைப் பழக்கம்தான். ஆனால் அதன் காரணம் திமிர் இல்லை, உடம்பு.

சமதரை நகரத்தில் கியருக்கு என்ன வேலை என்ற பெரியவர்களின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது. நின்று கிளம்புவதைக் கியர் மலிவாக்குகிறது. நிற்பது மலிவானால் சிவப்பை மதிப்பதும் சுலபம், நடந்து கடக்கிறவருக்கு வழிவிடுவதும் சுலபம். கியர் சைக்கிள்காரர் சிக்னலை மீறினால் அவருக்குத் தண்ணீர் கேன்காரரின் சாக்குக்கூட இல்லை.

இரண்டாவது வேலை, காற்று. மே மாதப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்த பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி மிதித்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மேம்பால ஏற்றம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். எதிர்காற்று ஊர் எல்லை வரை கூடவே வரும். அப்போதும் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டு டாப்பிலேயே மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம். கியர் இறக்கி, நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று என்று கால் சீராகச் சுற்றும்படி போவது பலருக்குத் தோல்வி மாதிரிப் படுகிறது.

கியர் இறக்குவது பலவீனம் என்ற எண்ணம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ் கியர் மாற்றும் டீரெய்லரை நெடுங்காலம் போட்டிக்குள் விடவே இல்லை. அது 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மலைப் பாதையிலும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கியர் இருந்தால் வீரம் தெரியாது என்பது அவர் கட்சி. அதே பிரான்ஸில், சாந்த்-எத்தியென் ஊரிலிருந்து வெலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் து விவி, கியர் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். போட்டிக்காரர் தோற்றார், பயணக்காரர் ஜெயித்தார். ஆனாலும் "எல்லாம் டாப்லயே போயிட்டேன்" என்று அலுவலகத்தில் பெருமையடிக்கும் நம் நண்பர், தெரியாமலே தெக்ரான்ஜ் கட்சியில் இருக்கிறார்.

வார இறுதியில் விடியற்காலை அணி அணியாகக் கிளம்பும் குழுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கியர் நாகரிகம் ஓரளவு ஒழுங்காகப் பயிலப்படுவது அங்கேதான். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் சுட்டிக் காட்டுவார். நிறுத்துவதற்கு முன் குரல் கொடுப்பார். பாலம் தொடங்கும் முன்பே கியரை இறக்கச் சொல்லித் தருவார். காரணம் இல்லாமல் இல்லை. நெருக்கமாகப் போகும் வரிசையில் ஏற்றத்தின் நடுவில் ஒருவர் கியர் மாற்றி மிதி தவறினால், அவர் சைக்கிள் நொடியில் அரை அடி பின்தங்கும். பின்னால் வருபவரின் முன்சக்கரம் அதில் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். இந்தப் பாடத்துக்காக இந்தக் குழுக்களைப் பாராட்டலாம். பாராட்டோடு நிறுத்த முடியவில்லை. மூன்று பேர் அகலத்தில் சாலையை அடைத்துப் போவதும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் மின்னல் விளக்கும், பெல் இல்லாத ஹேண்டில்பாரும் அங்கேதான். பெல் எடையாம்! கூடவே ஓரத்தில் கறுப்பு சைக்கிளில் வேலைக்குப் போகும் காவலாளியைச் சைக்கிள்காரராகவே கணக்கில் எடுக்காத ஒரு பார்வையும் இருக்கிறது. ஹெல்மெட்டும் ஜெர்சியும் இல்லாதவருக்கு அந்த நாகரிகம் வணக்கம் சொல்வதில்லை.

இந்த நடைமுறையின் பெரிய குறை அதுதான் என்று நினைக்கிறேன். சுமை இல்லாதவரிடம் 21 கியர் இருக்கிறது. தண்ணீர் கேன், டீ டிரம், கட்டுமானச் சாமான் என்று சுமப்பவரிடம் ஒன்றுகூட இல்லை. அவருக்கு 21 தேவையில்லை, மூன்று போதும். நின்றபடியே மாற்றக்கூடிய, பின்சக்கரத்தின் ஹப்புக்குள் அடங்கிய மூன்று கியர் அமைப்பு புதிதல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை விற்கத் தொடங்கிவிட்டது. மூடியே இருப்பதால் நம் புழுதிக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்கும், டீரெய்லர் போல இடித்தால் வளையாது. அதற்கும் குறைகள் உண்டு. விலை கூடும், எடை கூடும். கோளாறு என்றால் தெருமுனை பங்சர் கடையில் திறந்து பார்க்க ஆள் கிடைக்காது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளில் கியர் இல்லாதது, எந்தக் கிராமத்திலும் பழுது பார்க்க முடியும் என்ற ஒரு காரணத்துக்காகவே சரியான முடிவு. நகரத்துச் சுமை சைக்கிளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

அடையாறு, தியாகராய நகர் என்று நடைபாதைகளை அகலப்படுத்திய சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-இல் கொள்கையே வகுத்தது. சைக்கிள் தொழிலுக்கு அம்பத்தூர் 1950-களிலிருந்தே பெயர் பெற்ற ஊர். கெட்டிக் கேரியரும் ஸ்டாண்டும் மூன்று ஹப் கியரும் கொண்ட ஒரு கறுப்பு சைக்கிளை, தண்ணீர் கேன்காரர் தவணையில் வாங்கும் விலையில் அந்த ஊர்த் தொழிற்சாலைகள் செய்து தரட்டும். ஏற்கெனவே கியர் வைத்திருப்பவர்கள் அதுவரை ஒன்று செய்யலாம்: அடுத்த சிவப்பு விளக்கைப் பார்த்ததும், நிற்பதற்கு முன் இரண்டு கியர் இறக்குங்கள்.