கான்சாகிபை எந்தக் கட்டத்தில் போடுவது?

தென்காசியிலிருந்து மதுரை ரோட்டில் கடையநல்லூர், புளியங்குடி தாண்டினால் வாசுதேவநல்லூர். அதற்குக் கிழக்கே நெற்கட்டும்செவல், பூலித்தேவர் ஊர். 1759 கடைசியில் கும்பினிப் படையோடு வாசுதேவநல்லூர் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பியவர் கான்சாகிபு என்கிற யூசுப் கான். 1761-ல் மறுபடி வந்து பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்ததும் அவர்தான். 1764 அக்டோபர் 15-ல் அதே கும்பினியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து அவரை மதுரையில் தூக்கில் போட்டார்கள்.

இதில் யார் ஹீரோ? நம்மாட்கள் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். பூலித்தேவர் கதையில் கான்சாகிபு 1761 வரை வரும் துரோகி. மருதநாயகம் கதையோ 1763-ல்தான் சூடு பிடிக்கிறது. அதற்கு முந்தைய ஏழு வருஷ கும்பினிச் சேவகம் இரண்டு பாராவில் ஓடிவிடும்.

எஸ்.சி. ஹில் 1914-ல் எழுதிய ஆங்கில நூல் இப்படி வெட்டவில்லை. தலைப்பிலேயே 'கலகக்காரத் தளபதி' என்று முத்திரை குத்துகிறார். கும்பினி ஆவணத்தை வைத்து எழுதினால் வேறெப்படி வரும்? ஆனால் கலகத்தின் காரணத்தை ஒளிக்கவில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு நடத்தியவரை, அவருக்கு ஆகவே ஆகாத நவாபுக்குக் கீழே தள்ளியது கும்பினி. சண்டை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறுகிறது.

"வெள்ளைக்காரன் கொடியை ஏற்றியவர் விடுதலை வீரரா?" என்று கேட்பது சுலபம். சரி, பூலித்தேவர் யாரோடு கூட்டு வைத்திருந்தார்? நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு. 1763-ல் 'இந்தியா' என்ற பெட்டியே கிடையாது, பாஸ். இல்லாத பெட்டிக்குள் இருவரையும் திணிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

அடுத்த கத்தரிக்கோல் சாதி. 'மருதநாயகம் பிள்ளை' என்று ஒரு பக்கம், 'கான்சாகிபு' என்று மறுபக்கம். பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரனுக்கு 2022-ல்தான் தபால்தலை வந்தது. தேவர் புகழ் பாடும் பல புத்தகங்களில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு வரி. இது எனக்குக் கான்சாகிபு சிக்கலைவிடப் பெரிய குறையாகப் படுகிறது.

கான்சாகிபைப் பற்றிய கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். ஹில்லையும் அதையும் பக்கத்தில் வைத்து, வாசுதேவநல்லூர்த் தோல்வியை விடாமல், 1756 முதல் 1764 வரை ஒரே நூலாக யாராவது தமிழில் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.