படிநிலைக் கதைகள்: ஏணியா, வேலியா?

பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்பக் கதைகளைப் படிநிலைகளாக வகுத்துத் தரும் முறை இன்று நம் பள்ளிகளில் வேரூன்றி வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023ஆம் ஆண்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கம், தன் கதை நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என நால்வகையாகப் பகுத்தது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலும் தமிழ்க் கதைகள் நான்கு படிகளில் கிடைக்கின்றன. இம்முயற்சிகளை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்கும் பொருளை உரைத்துப் பார்ப்பதும் நம் கடமையே.

படிமுறை நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் இரண்டொரு சொல்லில் அமைந்த ஆத்திசூடி முதலில் வந்தது. ஓரடியாலான கொன்றை வேந்தன் அடுத்து வந்தது. நாலடி வெண்பாக்களாலான மூதுரை அதன் பின்னரே வந்தது. நம் பிள்ளைகள் ஓதும் பள்ளியில் திருக்குர்ஆனின் முப்பதாம் ஜுஸ்உவைத்தானே முதலில் ஓதுகின்றனர்? நூலின் இறுதியில் உள்ளது பாடத்தின் தொடக்கத்திற்கு வந்தது ஏன்? அங்குள்ள சூராக்கள் அளவிற் சிறியவை. பிஞ்சு நாவிற்கு இசைந்தவை. எளியதினின்று அரியதற்குச் செல்லும் நெறியை முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

நம் குறை முறையின் மீதன்று, அளவுகோலின் மீதே. ஸ்டோரிவீவரில் முதற்படிக் கதை 250 சொற்களுக்கு உட்பட்டது. இரண்டாம் படி 250 முதல் 600 சொற்கள் வரை. எளிய சொல்லும் மீண்டும் மீண்டும் வரும் சொல்லும் அங்குக் கருதப்படுகின்றன என்பது உண்மையே. எனினும், சொல்லை எண்ணும் கணக்கு ஆங்கிலத்திற்குப் பொருந்துவது போலத் தமிழுக்குப் பொருந்துமா? ‘ஓடிக்கொண்டிருந்தாள்’ என்பது நமக்கு ஒரே சொல்; ஆங்கிலத்திலோ அது மூன்று சொற்கள். ‘மரம்’ என்று படிக்கக் கற்ற பிள்ளையின் முன் ‘மரத்தை’, ‘மரங்களில்’ என்று அச்சொல்லே உருமாறி நிற்கிறது. வாயில் ‘வந்தாங்க’ என்று வருவது ஏட்டில் ‘வந்தார்கள்’ என்று நிற்கிறது. சொற்றொகை குறைந்த நூலும் இவ்விடங்களில் கடினமாகிவிடுகிறது. தமிழ்ப் படிநிலைக்குத் தமிழின் இயல்பே அளவுகோலாக வேண்டும்.

மேச்சேரியில் நாமறிந்த ஓர் இல்லம். அங்கு வீட்டில் உருது. தெருவில் பேச்சுத் தமிழ். ஏட்டில் எழுத்துத் தமிழ். நான்காம் வகுப்புச் சிறுமிக்கு வகுப்பில் முதற்படி நூலே தரப்பட்டிருந்தது. “என்ன படிக்கிறாயம்மா?” என்று கேட்டோம். “நான் நுழைதான்” என்றாள், தலையைத் தாழ்த்திக்கொண்டு. நூலுக்கு இட்ட பெயர் பிள்ளைக்குப் பெயராகிவிட்டது! அதே சிறுமி, நானி சொல்லும் நீண்ட கதைகளை இடையிடையே கேள்வி கேட்டு மடக்குபவள். அவளுடைய கண் எழுத்துக்களைக் கூட்டுவதில் பின்தங்கியிருக்கலாம். கதையறியும் நெஞ்சு பின்தங்கவில்லை.

கதாசிரியர்களுக்கும் ஒன்று சொல்வோம். முதற்படி என்பதற்காகக் கதையே இல்லாத நூலைத் தந்துவிடலாகாது. ‘இது பந்து. பந்து சிவப்பு’ என்பது படத்திற்கு எழுதிய குறிப்பேயன்றிக் கதையன்று. செம்மறி இனம் ஒன்றுக்கே தன் பெயரைத் தந்த ஊர் மேச்சேரி. அவ்வூர்ப் பிள்ளையிடம், ‘ஆடு வந்தது. குட்டி வரவில்லை. குட்டி எங்கே?’ என்று சொல்லிப் பாருங்கள். சொற்கள் ஆறுதாம்; ஆயினும் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இராது. பின்னர் என்னவாயிற்று என்னும் வேட்கையே வாசிப்பின் உயிர்நாடி.

பெற்றோர் செய்யத்தக்கது எளிது. பிள்ளை தானே படிப்பதற்கு அதன் படிக்குரிய நூல் ஒன்று. நாம் வாய்விட்டுப் படித்துக் காட்ட அதனினும் உயர்ந்த நூல் ஒன்று. இரண்டும் இல்லத்தில் இருக்கட்டும். முன்னது எழுத்தைப் பழக்கும். பின்னது எழுத்தின் மீது ஆசையை வளர்க்கும். எந்தப் படியில் நிற்கிறாய் என்று பிள்ளையைக் கேட்பதை விடுத்து, அந்தக் கதையில் என்ன நடந்தது என்று கேட்போம். அப்போது படிநிலை ஏணியாகும். இன்றேல் அதுவே வேலியாகும்.