பின் வந்தவர் கடமை

1972-ம் ஆண்டில் ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டை வெளியிட்டது இங்கிலாந்தின் ‘டீப் பர்பிள்’ குழு. அதன் கித்தார் வித்தகர் ரிச்சி பிளாக்மோர் 1993-ல் விலகினார். 1994-ல் ஸ்டீவ் மோர்ஸ் அவ்விடத்திற்கு வந்தார். பழைய பாட்டுக்களின் தனிவாசிப்பை அணுவும் பிசகாது வாசிக்க வேண்டுமென்பர் ஒரு சாரார். அது கிளிப்பிள்ளை வேலை என்பர் மறுசாரார். இரண்டிலும் பாதியே உண்மை என்பது நம் கருத்து.

‘ஹைவே ஸ்டார்’ தனிவாசிப்பைப் பிளாக்மோர் முன்கூட்டியே ஸ்வரம் ஸ்வரமாக அமைத்தார். அது பாட்டின் அங்கம். கேட்போர் உள்ளத்திலும் பதிந்துவிட்டது. அதை மாற்றுவது பாட்டையே சிதைப்பதாகும். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அத்தகையதன்று. அதே 1972 ஆகஸ்டில், ஜப்பானியக் கச்சேரிகளில், பிளாக்மோரே அதன் தனிவாசிப்பை வேறு விதமாக வாசித்தார். ஆக்கியவரே கட்டுப்படாத வடிவத்துக்குப் பின் வந்தவரைக் கட்டிப் போடுவது என்ன நியாயம்?

மோர்ஸும் 2022-ல் விலகினார். சைமன் மெக்பிரைட் வந்தார். ஆள் மாறினும் கேள்வி மாறவில்லை. அமைத்து வைத்ததைப் பேணுக. அன்று பிறந்ததை இன்றும் புதிதாய்ப் பிறக்க விடுக. பின் வந்தவர்க்கு அதுவே பெருமை. முன்னவர்க்கும் அதுவே மரியாதை.