கூடத்து ஜாலவித்தை

ஜாலவித்தையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு உருவங்களையே மனத்திற்கொண்டு பேசுகின்றனர். திரையும் வர்ண விளக்கும் வாத்தியகோஷ்டியும் சூழ, பெட்டிக்குள் கிடத்திய பெண்ணை வாளால் அறுத்துக்காட்டும் பெருமேடை இந்திரஜாலம் ஒன்று. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்திருக்க, அவர்கள் கண்ணெதிரே சீட்டையும் நாணயத்தையும் மறையவும் தோன்றவும் செய்கின்ற கைத்திறன் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில், முப்பது பேர் முதல் நூற்றைம்பது பேர் வரை கூடியிருக்கும் ஒரு கூடத்தில், மேடை என்று சொல்லத்தக்கது எதுவுமின்றி, சபையோர் அமர்ந்திருக்கும் அதே தரையில் நின்றுகொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் நிகழ்த்தும் வித்தை ஒன்று உண்டு. பெருமேடைக்குப் பொருள்வசதி இல்லாதவர் செய்வது என்றும், மேசை வித்தைக்காரர் கூட்டம் பெருத்துவிட்டமையால் எழுந்து நின்று செய்வது என்றும் இதனை இளக்காரமாகக் கருதுவோர் வித்தைக்காரர்களுக்குள்ளேயே பலர். அக்கருத்து பிழையானது என்பதும், ஜாலவித்தை தன் முழு வலிமையோடு விளங்கக்கூடிய இடம் இந்த நடுத்தரக் கூடமே என்பதும், ஆயினும் அது இன்று கையாளப்படும் முறையில் அவ்வலிமையின் பெரும்பகுதி வீணாகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

நவீன ஜாலவித்தையின் தந்தை என்று போற்றப்படும் ராபேர் ஊதேன், பிரான்ஸ் தேசத்துப் புளுவா நகரில் 1805இல் பிறந்து, கடிகாரத் தொழில் பயின்று, நாற்பதாம் வயதை நெருங்கிய காலத்தில்தான் ஜனங்கள் முன் வித்தைக்காரராகத் தோன்றினார். 1845ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரத்துப் பாலே ரோயாலில் அவர் திறந்த அரங்கில் ஏறத்தாழ இருநூறு பேரே அமரலாம். அதற்குமுன் வித்தைக்காரர்கள் தரைவரை தொங்கும் துணி போர்த்திய மேசைகளை நிறுத்தி, அவற்றினுள் உதவியாளன் ஒருவனை ஒளித்துவைப்பது வழக்கம். ராபேர் ஊதேன் அத்துணிகளை அகற்றினார்; பகட்டான ஜாலக்கார அங்கிகளை விலக்கி, அக்காலத்துக் கனவான்கள் மாலை விருந்துக்கு அணியும் உடையிலேயே நின்றார்; தம் மேடையைப் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணியில் ஒரு பெரிய வீட்டு வரவேற்பறையாக அமைத்தார். மேடையைக் கூடமாக மாற்றிக்காட்டியதே அவர் செய்த புரட்சி என்று சொல்லலாம். அவருக்குப் பின்வந்தோர் புகழ் பெருகப் பெருக அரங்கத்தையும் பெருக்கிக்கொண்டு சென்று, அவர் எதை விலக்கினாரோ அதையே வேறு உருவத்தில் திரும்பக் கொண்டுவந்தனர்.

அவரினும் ஒருபடி முன்சென்றவர் வியன்னா நகரத்து ஹோஃப்சின்சர் (1806–1875). அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் வகித்த இவர், அழைக்கப்பட்ட சிறு சபையின் முன், தம் மனைவியாரின் துணையோடு, உண்மையான ஒரு வரவேற்பறையிலேயே வித்தைகளை நிகழ்த்திவந்தார். சீட்டுக்கட்டை வெறும் சூதாட்டக் கருவியாகக் கருதிய காலத்தில், அச்சீட்டுகளில் உள்ள ராஜாவும் ராணியும் கதாபாத்திரங்களாகும்படி சிறுசிறு நாடகங்களை அமைத்தவர் அவர். அவர் மறைந்தபின் அவருடைய குறிப்புகள் எரிக்கப்பட்டன என்பர். ஓட்டோகார் ஃபிஷர் என்பவர் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி 1910இல் நூலாக வெளியிட்டிராவிடில், இன்று நமக்கு அவர் பெயரளவிலேயே எஞ்சியிருப்பார்.

கூடத்திற்கு இத்தகைய மேன்மை எங்கிருந்து வருகிறது? பெருமேடையில் ஓர் அற்புதத்தைக் காண்பவர், பெட்டியை எவரோ செய்திருக்கிறார், தளத்தில் கதவு இருக்கும், திரைக்குப் பின்னே ஆட்கள் இருப்பார்கள் என்று தமக்குத்தாமே ஒரு சமாதானம் செய்துகொண்டே காண்கிறார். அது இன்ன கருவி என்று தெரியாவிடினும், ஏதோ ஒரு கருவி உண்டு என்ற நிச்சயத்தோடு வீடு திரும்புகிறார். அவ்வியப்பு தச்சனுக்கும் மின்விளக்குக்காரனுக்கும் பங்கிடப்பட்டுவிட்ட வியப்பு. மேசையருகே நிகழும் வித்தையிலோ அச்சமாதானத்துக்கு இடமில்லை. ஆனால் அது நால்வருடைய தனியநுபவமாகவே நின்றுவிடுகிறது. மறுநாள் அவர்கள் அதை எடுத்துச்சொன்னால் கேட்பவர் நம்புவதில்லை; சொல்பவருக்கே, தாம் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்ற சந்தேகம் எழுகிறது. கூடத்தில் எண்பது பேர் ஒரே கணத்தில் ஒன்றைக் காண்கிறார்கள். தாம் கண்டதைப் பக்கத்தில் இருப்பவரும் கண்டார் என்பதை அவர் முகத்திலேயே காண்கிறார்கள். மறைந்து மீண்ட மோதிரமோ தமக்குத் தெரிந்த ஒருவருடைய விரலிலிருந்து கழற்றித் தரப்பட்டது. பிரத்தியட்சமும் பொதுச்சாட்சியமும் இவ்வாறு ஒருங்கே கூடுவது வேறெந்த அளவிலும் நிகழ்வதில்லை.

இதனை உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் மாக்ஸ் மாலினி (1873–1942) தலைசிறந்தவர். போலந்து எல்லையில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கீழ்த்திசை நாடுகள் உட்பட உலகமெங்கும் சுற்றிய இம்மனிதர் பெருமேடைச் சாமான்கள் எவற்றையும் சுமந்து திரிந்தவரல்லர். ஹோட்டல் கூடங்களிலும் கனவான்களின் கிளப்புகளிலும், கடன் வாங்கிய நாணயம், கடன் வாங்கிய தொப்பி, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு முட்டை, அம்முட்டை மறைந்தும் தோன்றியும் விளையாடும் ஒரு துணிப்பை ஆகியவற்றைக் கொண்டே ஒரு மாலைப்பொழுதை நிறைத்தார். அவருடைய கைகள் சிறியவை. சீட்டு வித்தைக்கு அது பெருங்குறை. அக்குறையை அவர் பொறுமையினால் வென்றார். சபையோரின் கவனம் தானாகத் தளரும் தருணம் வரும்வரை எவ்வளவு நேரமாயினும் காத்திருப்பார் என்பது அவரை அறிந்த வித்தைக்காரர்கள் வியந்து சொல்லிவந்த செய்தி. நூறு கண்களின் கவனத்தை ஒருங்கே ஆளும் இக்கலையைக் கூடமே கற்பித்தது என்று நினைக்கிறேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதுமான குறை பார்வையைப் பற்றியது. சமதரையில் நாற்காலிகளை வரிசையாக இட்டால், நாலாம் வரிசைக்கு அப்பால் இருப்பவருக்கு வித்தைக்காரரின் மார்புக்குக் கீழே எதுவும் புலப்படாது. முன்னிருப்பவர்களின் தலைகளே புலப்படும். மேசைமேல் நிகழ்வன யாவும் பாதிப்பேருக்கு இல்லாத நிகழ்ச்சிகளாகிவிடுகின்றன. சாதாரணச் சீட்டு ஒன்பது சென்டிமீட்டர் உயரமே உள்ளது. கூடத்தின் கோடியிலிருந்து காண்பவருக்கு ராஜாவும் மந்திரியும் ஒரே வர்ணக்குழப்பமாகத் தோன்றுவர். கோணத்தின் தொல்லையும் இதனோடு சேர்ந்தது. ராபேர் ஊதேன் காலத்திலிருந்து மேசையின் பின்விளிம்பில் மறைவாக ஒரு சிறு தட்டு அமைப்பது வழக்கமாயிற்று. பார்வையாளர் யாவரும் நேர்முன்னே இருக்கும்வரை அது அரிய துணை. கூடத்திலோ நாற்காலிகள் இருபுறமும் வளைந்து வருகின்றன. ஜன்னலோரம் நிற்பவரும் உண்டு. திரையும் இல்லை, ஒதுங்கிடமும் இல்லை. கொண்டுவந்த பெட்டியைத் திறப்பதும் மூடுவதும்கூட எல்லார் பார்வையிலும் நிகழ வேண்டும்.

இக்குறையை நிவர்த்திக்க இரண்டு உபாயங்கள் வழக்கில் உள்ளன. சபையில் ஒருவரை முன்னே அழைத்து, அவரையே மற்றவர்களுக்குச் சாட்சியாக நிறுத்துவது ஒன்று. ஒருவர் சீட்டை எடுக்கிறார், ஒருவர் பார்க்கிறார், ஒருவர் வியக்கிறார். எஞ்சிய எழுபத்தொன்பது பேரும் அவர் வியப்பைப் பார்த்து வியக்க வேண்டியவர்களாகின்றனர். கூடத்தின் தனிச்சிறப்பாகிய பொதுச்சாட்சியம் இங்கே ஒருவருடைய வாக்குமூலமாகக் குறுகிவிடுகிறது. அவர் உடந்தை என்று பின்வரிசையார் எண்ணிவிட்டால் வித்தை அங்கேயே அழிந்தது. எடுத்த சீட்டைச் சபை முழுவதுக்கும் காட்டச் செய்து, அதன் பெயரையும் உரக்கச் சொல்லச் செய்யும் சிறு சிரத்தையைக்கூடப் பலர் மேற்கொள்வதில்லை.

மற்றோர் உபாயம், அண்மைக் காலத்தில் பெருகிவிட்ட படக்கருவியும் திரையும். கைகளின் பிம்பம் பின்னே திரையில் பெரிதாகத் தெரிகிறது. கடைசி வரிசைக்காரரும் சீட்டின் புள்ளிகளை எண்ணலாம். இது சௌகரியமே, மறுக்கவில்லை. ஆனால் எதைக் காண்பது என்பதை இனிப் பார்வையாளர் தேர்ந்துகொள்வதில்லை, படக்கருவி தேர்ந்துகொடுக்கிறது. சட்டத்துக்கு வெளியே நிகழ்வது யாது என்று ஐயுற அவருக்கு நியாயம் பிறந்துவிடுகிறது. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் எதுவும் கூடும் என்று அறிந்த ஜனங்கள், நேரிலே காண வேண்டுமென்று வந்த இடத்தில் மீண்டும் ஒரு திரையையே காண்கிறார்கள். கூடத்துக்கு ஒவ்வாத வித்தையைத் திரையால் பெரிதாக்குவதைவிட, கூடத்துக்கு இயல்பாகவே ஒத்த வித்தையைத் தேர்வதே நேரிய வழி. அத்தகைய வித்தைகளுக்குப் பஞ்சமும் இல்லை. எஃகு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது காதுக்கும் கேட்கும். வெட்டிய கயிறு ஒன்றாவதைத் தூரத்திலிருந்தும் காணலாம். காற்றிலிருந்து பறித்த நாணயங்களை ஒவ்வொன்றாக உலோகப் பாத்திரத்தில் இடும் வித்தையில், நெல்சன் டௌன்ஸ் என்ற அமெரிக்கர் பெரும்புகழ் பெற்றார். அதில் நாணயம் கண்ணுக்குத் தப்பினாலும் அதன் ஓசை கடைசிச் சுவர்வரை எட்டும்.

நம் நாட்டுத் தெருவித்தைக்காரர் இப்பார்வைச் சிக்கலை எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட்டார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாற்புறமும் ஜனங்கள் வளைத்து நிற்க, தரையில் குந்தியபடியே செப்படிவித்தை செய்பவர் அவர். அவருக்குப் பின்புறமென்று ஒரு பாதுகாப்பான திசையே இல்லை. அவரைச் சுற்றிய வட்டத்தில் சிறுவர் முன்னே உட்காருகிறார்கள், அடுத்தவர் குந்துகிறார்கள், பெரியவர்கள் பின்னே நிற்கிறார்கள். படிப்படியாய் உயரும் ஓர் அரங்கம் செலவின்றித் தானே எழுகிறது. கூடத்துக்குள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டவுடன் இந்த வசதியை நாம் இழந்துவிட்டோம். முன்னே ஜமுக்காளம், அதன்பின் பெஞ்சு, அதன்பின் நாற்காலி என்று இட்டால் பாதித் தொல்லை தீரும். நிகழ்ச்சி ஏற்பாடு செய்வோரிடம் இதைக் கேட்டுப்பெறும் வித்தைக்காரர்களோ மிகச் சிலர்.

முன்னே அழைக்கப்படுபவரை நடத்தும் முறையில் உள்ள குறையோ என்னை மிகவும் வருத்துவது. அவருடைய பெயரை வைத்தும் உருவத்தை வைத்தும் பரிகாசம் செய்வது, பெண்களிடம் தகாத வேடிக்கை பேசுவது, கையில் கொடுத்த கோல் ஒடிந்துவிழும்படி செய்து சிறுவனை விழிக்கவைப்பது ஆகியவை சிரிப்பை எளிதில் விளைப்பதால் வழக்கமாகிவிட்டன. பெருமேடையில் அழைக்கப்படுபவர் ஆயிரம் பேர் கொண்ட இருளுக்குள் திரும்பிச்சென்று மறைந்துவிடலாம். கூடத்திலோ, தம்மைப் பார்த்துச் சிரித்த அதே மனிதர்களுக்கு நடுவே, தம் உறவினருக்கும் அலுவலகத் தோழருக்கும் அருகே, அவர் மீண்டும் போய் உட்கார வேண்டும். அடுத்த முறை உதவிக்கு ஆள் கேட்கும்போது சபை முழுவதும் தரையைப் பார்ப்பதன் காரணம் இதுவே. அற்புதம் அழைக்கப்பட்டவருடைய கையில் நிகழ வேண்டும். கைதட்டல் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஒரு குழந்தையின் முழங்கையிலிருந்து நாணயம் உதிரும்போது அக்குழந்தையின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைவிடச் சபையைக் கவரும் ஹாஸ்யம் எதுவும் இல்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாத்தியமும் அலங்காரமும் இல்லாத இடத்தில் நிகழ்ச்சியைத் தாங்கும் தூண் பேச்சே. அர்ஜென்டினாவின் ரெனே லாவான் (1928–2015) ஒன்பதாம் வயதில் வலக்கையை இழந்தவர். இடக்கை ஒன்றினாலேயே, மெல்ல, மேலும் மெல்ல என்று நிதானத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, மூன்று ரொட்டித்துணுக்குகளையும் ஒரு கோப்பையையும் கொண்டு கூடத்தை அசையாமல் நிறுத்தினார். நியூயார்க்கில் 1994இல் ரிக்கி ஜே என்ற வித்தைக்காரர், நாடகாசிரியர் டேவிட் மாமெட்டின் இயக்கத்தில், நூற்றுச் சொச்சம் பேர் அமரும் சிறு அரங்கில், ஐம்பத்திரண்டு சீட்டுகளையன்றி வேறு துணை ஏறக்குறைய ஏதுமின்றி ஒரு முழு நிகழ்ச்சியை நடத்தினார். சூதாடிகளின் சரித்திரமும் பழைய ஜாலக்காரர்களின் வரலாறும் அவர் நாவிலே விளையாடின. இவர்கள் பேசியது தம் வாழ்விலும் படிப்பிலும் விளைந்த பேச்சு. இவர்களைப் பின்பற்றுவோர் பலர் விளைச்சலின்றிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வித்தைக்கும் முன் பால்யகால நினைவு ஒன்றையோ வாழ்க்கைத் தத்துவம் ஒன்றையோ நீட்டி முழக்குகிறார்கள்; சபை பொறுமையோடு முட்டை எப்போது மறையும் என்று காத்திருக்கிறது.

இறுதியாக, இவ்வடிவம் தன் பிறப்பிலிருந்தே சுமந்துவரும் ஒரு சமூகக் குறை. வரவேற்பறை உடையவர் சிலரே. ஹோஃப்சின்சரின் சபையும் மாலினியின் சபையும் செல்வரும் அதிகாரிகளும் கூடிய சபைகள். இன்றும் நியூயார்க்கின் ஆடம்பர ஹோட்டல் அறையில் ஸ்டீவ் கோஹன் என்ற வித்தைக்காரர் ஆண்டாண்டுகளாக நடத்திவரும் நிகழ்ச்சிக்கு ஐம்பது அறுபது பேர் விருந்துடை அணிந்தே வருகிறார்கள். பார்வையாளர் தொகை குறைந்தால் கட்டணம் ஏறும் என்பது கணக்கு. வித்தை நேர்த்தியானதே, ஆயினும் பொதுச்சாட்சியம் என்ற மேன்மை, பொதுஜனம் நுழைய முடியாத அறைக்குள் இருந்துவிடுகிறது.

நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வித்தைக்காரரை அழைத்துவிட்டு, செலவு ஒன்றுதானே என்று எண்ணூறு பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் உட்கார்த்தி, ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கிடையே நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். முன்னிருக்கும் ஐம்பது பிள்ளைகளுக்கு வித்தை கிடைக்கிறது. பின்னிருப்போருக்குக் குடையும் கைக்குட்டையும் அசைவது மட்டும் தெரிகிறது. அதே வித்தைக்காரரை ஒரு பகல் முழுவதும் நிறுத்தி, மூன்று நான்கு வகுப்புகளைச் சேர்த்து நூறு நூற்றைம்பது பிள்ளைகளாக, வகுப்பறைகளுக்கிடையிலான தடுப்பை நீக்கிய கூடத்தில், சிறியவர் பாயிலும் பெரியவர் பெஞ்சிலுமாக உட்காரவைத்து, அரைமணி வீதம் ஆறு முறை நிகழ்த்தச் சொல்லலாம். அவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது ஒரு நாளைய சம்பளத்தின் வித்தியாசமே. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பிள்ளையாவது முன்னே சென்று கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.