நியாயாசனமும் இடைமதிலும்

திருச்சபை வரலாற்று வகுப்பில் கட்டடக்கலைக்கென ஒதுக்கப்படும் இரண்டொரு மணி நேரம் பெரும்பாலும் பாணிகளின் பெயர்களைச் சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. வட்ட வளைவு உடையது ஒன்று, கூர் வளைவு உடையது மற்றொன்று, குவிமாடம் உடையது பைசாந்தியம் என்று மாணாக்கர் எழுதிக்கொள்கின்றனர். தேர்விலும் அவ்வாறே திருப்பி எழுதுகின்றனர். நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே கற்பித்தோம். வளைவு வட்டமாயினும் கூர்மையாயினும், அதன் கீழே நின்ற விசுவாசிக்கு அதனால் நேர்ந்தது என்ன என்று நாம் கேட்டதில்லை. ஓர் ஆலயத்துள் யார் எதுவரை செல்லலாம்? நிற்பவர் எதனை நோக்கி நிற்கிறார்? அங்கு அமர்ந்திருப்பவர் யார்? இறையியல் பயில்வோர் கேட்கவேண்டியவை இவை என்றே இன்று கருதுகிறோம். ரோமர் காலம் முதல் இடைக்காலம் வரையுள்ள சில ஆலயங்களை இக்கேள்விகளோடு மீண்டும் ஆராய்ந்தபோது, நாம் உறுதியாகக் கற்பித்து வந்த ஒரு முடிவு நிலைகுலைந்தது.

அம்முடிவு இது: தொடக்கத்தில் கிறிஸ்தவ ஆலயம் இறைமக்கள் யாவரும் கூடிய திறந்த கூடமாக இருந்தது, இடைக்காலத்தில் குருமார் குறுக்கே ஒரு மதிலை எழுப்பி மக்களைப் புறத்தே நிறுத்தினர், சீர்திருத்தம் அம்மதிலை இடித்து மக்களை மீண்டும் உள்ளே சேர்த்தது. சொல்வதற்கு எளிது, கேட்கும் புராட்டஸ்டன்டு உள்ளத்துக்கு இனிது. ஆனால் கட்டடங்கள் இதற்குச் சாட்சி சொல்லவில்லை.

முதற்பகுதி ஓரளவு உண்மையே. ரோமரின் கோவில் தெய்வத்தின் உருவத்துக்கு உரிய இல்லம். பலிபீடம் கோவிலுக்கு வெளியே, முன்றிலில் இருந்தது. மக்கள் வெட்டவெளியில் நின்றனர். திருவிருந்துக்காகவும் வசனத்தைக் கேட்பதற்காகவும் ஒன்றுகூடிய கிறிஸ்தவர்களுக்கு இவ்வமைப்பு பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது ஒரு பந்தி கொள்ளும் இடம். ஐபிராத்து நதிக்கரையில், இன்றைய சிரியாவிலுள்ள தூரா யூரோப்பஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடு இதற்குச் சான்று. 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரே கூடமாக்கினர். ஒரு முனையில் சிறிய மேடை. மற்றோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி. பாரசீகரின் முற்றுகைக்கு அஞ்சி நகர மதிலை வலுப்படுத்த மண் கொட்டியதனால் அவ்வீடு புதையுண்டது. 256ஆம் ஆண்டளவில் நகரும் வீழ்ந்தது. நாம் அறிந்த மிகப் பழைய கிறிஸ்தவக் கூடம் ஒரு சுவரை இடித்ததனால் உண்டாயிற்று என்பது நினைக்கத்தக்கது. கூடிய மக்களையே சபை என்று வழங்குகிறோம்; ஆயினும் ஞாயிறு காலையில் 'கோயிலுக்குப் போகிறோம்' என்றே நம் மக்கள் சொல்கின்றனர். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள இழுபறி பழையது.

313ஆம் ஆண்டுக்குப் பின்னர், அரசின் ஆதரவோடு பெரிய ஆலயங்கள் எழுந்தபோதும் கிறிஸ்தவர்கள் கோவிலின் வடிவத்தை ஏற்கவில்லை. 'பசிலிக்கா' என்னும் பொதுக்கூடத்தையே ஏற்றனர். வாணிகமும் வழக்கும் நடைபெற்ற கூடம் அது. அதன் பெயர் அரசனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நடுவில் உயர்ந்த நடுக்கூடம், இருபுறமும் தூண்வரிசைக்கு அப்பால் பக்கக்கூடங்கள், மேலே சாளரங்கள், மரக்கூரை என்பது அதன் பொது அமைப்பு. திராயான் பேரரசனின் உல்ப்பியா பசிலிக்காவில், மன்றவெளியிலிருந்து வரும் வாயில்கள் நீண்ட பக்கத்தில் இருந்தன. நுழைந்தவர் எத்திசையிலும் உலாவலாம். கிறிஸ்தவர்களோ வாயிலைக் குறுகிய பக்கத்தில் வைத்தனர். கூடம் ஒரு கால்வட்டம் திரும்பியது எனலாம். அன்றுமுதல் நுழைந்தவர் யாவரும் ஒரே திசையை நோக்கினர்: எதிர்முனையிலுள்ள அரைவட்ட மாடத்தை. ரோமக் கூடங்களில் அவ்வரைவட்டம் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. நீதிபதி நியாயாசனத்தில் அமரும் இடம் அது. அரண்மனைக் கூடமாயின் பேரரசன் அமரும் இடம்.

இதனை முழுமையாக உணர ஜெர்மனியின் டிரியர் நகரைப் பார்க்கவேண்டும். கான்ஸ்டன்டைனின் அரண்மனைக் கூடம் அங்கு இன்றும் நிற்கிறது. (நாம் அதனை நேரில் கண்டதில்லை, வரைபடங்களையும் நிழற்படங்களையும் கொண்டே பேசுகிறோம்.) ஏறத்தாழ 310ஆம் ஆண்டில் எழுந்த செங்கற் கட்டடம் அது; நீளம் சுமார் 67 மீட்டர், அகலம் 27 மீட்டர், உயரம் 33 மீட்டர். உள்ளே ஒரு தூணும் இல்லை. அன்று சுவர்களிலும் தரையிலும் பளிங்கு பதிந்திருந்தது. தரையின் அடியிலும் சுவர்களின் உள்ளும் வெப்பக்காற்று ஓடியது. இவை யாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது சாளரங்களின் கணக்கு. அரைவட்டத்தின் சாளரங்கள் நடுக்கூடத்தின் சாளரங்களைவிடச் சிறியவை. சற்றுத் தாழ்வாகவும் வைக்கப்பட்டவை. வாயிலிலிருந்து நோக்குபவருக்கு அரைவட்டம் உள்ளபடியே இருப்பதைவிடத் தொலைவாகவும் பெரிதாகவும் தோன்றும். விண்ணப்பத்தோடு வந்தவன் தன்னைச் சிறியவனாக உணரவேண்டும் என்பதற்காகக் கொத்தர் செய்த தந்திரம் இது.

இத்தகைய கூடத்தின் உறவினராகிய ஆலயங்களில் நியாயாசனத்தின் இடத்தில் வைக்கப்பட்டது என்ன? பேராயரின் நாற்காலி. அதன் இருபுறமும், சுவரை ஒட்டிய வளைந்த கல்லிருக்கைகளில் மூப்பர்கள். தலைமை ஆலயத்துக்குக் 'கதீட்ரல்' என்னும் பெயர் வந்ததே அந்நாற்காலியைக் குறிக்கும் சொல்லினால்தான். அண்மைக் காலம்வரை நீதிபதியின் மேடைமுன் நிறுத்தப்பட்டுத் தண்டனை பெற்ற ஒரு சபை, நீதிபதியின் மேடையை இவ்வளவு விரைவில் தன் ஆலயத்துள் அமைத்துக்கொண்டது.

இங்கு ஓர் எதிர்வாதத்தைக் கவனிக்கவேண்டும். கிரௌட்ஹைமர் முதலிய அறிஞர்கள் கிறிஸ்தவ பசிலிக்காவில் அரசவையின் சாயலைக் கண்டனர். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெய்வங்களின் மோதல்' என்னும் நூலில் தாமஸ் மாத்யூஸ் இதனை மறுத்தார். ரோமிலுள்ள சாந்தா புதென்சியானா ஆலயத்தின் அரைவட்டத்தில், ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் வண்ணச் சில்லுகளால் அமைத்த ஓவியத்தில், கிறிஸ்து பொன்னாடையோடு மணிகள் பதித்த அரியணையில் வீற்றிருக்கிறார். அப்போஸ்தலர் செனட்டர்களைப் போல ஆடை அணிந்து சூழ்ந்திருக்கின்றனர். இது பேரரசனின் உருவம் அன்று, உயர்ந்த முதுகுடைய அவ்வரியணை தெய்வங்களுக்கே உரியது, கிறிஸ்து ஆங்கு போதகராக அமர்ந்திருக்கிறார் என்பது மாத்யூஸின் வாதம். ஓவியத்தைப் பொறுத்தவரை அவர் கூறுவதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறோம். ஆனால் சபையார் ஓவியத்தை மட்டுமா பார்த்தனர்? மேலே போதிக்கும் கிறிஸ்து. அவருக்கு நேர்கீழே, அதே அச்சில், போதிக்கும் பேராயர். மேலிருப்பது பேரரசனா போதகரா என்பது அறிஞர்களின் வழக்கு. மேலிருப்பவரின் மேன்மை கீழிருப்பவர்மேல் இறங்கிற்று என்பது கண்ணுள்ள எவருக்கும் விளங்கும். மாத்யூஸ் இதற்குப் போதிய இடம் தரவில்லை.

தடுப்புகளும் இடைக்காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. பீடத்தைச் சுற்றித் தாழ்ந்த வேலி அமைப்பது 4ஆம் நூற்றாண்டிலேயே வழக்கமாயிற்று. ரோமின் புனித கிளெமெந்து ஆலயத்தில், பாடகருக்காக நடுக்கூடத்தின் நடுவே அமைத்த பளிங்கு வேலியில் 6ஆம் நூற்றாண்டுக் கற்கள் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் மேலே புதிய ஆலயத்தைக் கட்டியவர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தினர். 422க்கும் 432க்கும் இடையே தொடங்கிய சாந்தா சபீனா ஆலயத்தின் 24 தூண்களையும் அவற்றின்மேல் பொழியும் ஒளியையும் புகழ்பவர் பலர். அப்புகழ்ச்சி தகும். ஆயினும் இன்று அதற்குள் காணப்படும் தெளிவு 20ஆம் நூற்றாண்டின் சீரமைப்பால் வந்தது என்பதை மறக்கலாகாது. ஆதித் திருச்சபையின் எளிமை என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு நம் காலத்தவரின் கைவேலை.

1144இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித தெனி ஆலயத்தின் கீழ்ப்பகுதியைப் பற்றியும், மடத்தலைவர் சூஜே ஒளியைக் குறித்து எழுதியவை பற்றியும் ஏற்கெனவே ஏராளமாக எழுதியாயிற்று. நமது கேள்விக்கு அங்கு விடை குறைவு. நேரே இடைமதிலுக்கு வருவோம்.

நடுக்கூடத்துக்கும் குருமார் பாடும் பகுதிக்கும் இடையே 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த கல்மதிலைத்தான் நாம் வகுப்பில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வந்தோம். ஜெர்மானியர் அதனை 'லெட்னர்' என்பர். வாசிக்கும் இடம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் திரிபு அது! அம்மதிலின் மேல் ஒரு மேடை இருந்தது, அங்கு நின்று நற்செய்தியை மக்களை நோக்கி வாசித்தனர், பிரசங்கமும் செய்ததுண்டு. மதிலுக்கு முன்னே, நடுக்கூடத்தில், மக்களுக்கென்று தனியே ஒரு பீடமும் இருந்தது. பிரித்தது மதில்தான்; வசனம் மக்களிடம் வந்ததும் அம்மதிலின் மீதிருந்துதான். ஜாக்குலின் யுங் 2013இல் வெளியிட்ட நூலில் இம்மதில்கள் பிரித்ததோடு இணைக்கவும் செய்தன என்று விரிவாக வாதிடுகிறார். முதலில் இதனை நாம் நம்பவில்லை. நௌம்பூர்க் ஆலயம் நம்மை நம்பவைத்தது.

அவ்வாலயத்தின் மேற்கு இடைமதில் ஏறத்தாழ 1250இல் செதுக்கப்பட்டது. சிற்பியின் பெயர் தெரியாது. மதிலின் மேற்பகுதியில் ஆண்டவரின் பாடுகள் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. கடைசி இராப்போஜனக் காட்சியில் அப்போஸ்தலர் வானோரைப் போல் இல்லை. பசித்து உண்ணும் உழவரைப் போல் இருக்கின்றனர். இவையெல்லாவற்றிலும் பெரியது வாயில். மற்ற ஆலயங்களில் மதிலின் உச்சியிலோ அதற்கும் மேலேயோ உயர்த்தப்பட்ட சிலுவை, இங்கு வாயிலின் நடுத்தூணாகவே நிற்கிறது. குறுக்குச் சட்டம் நிலையின் மேற்கட்டை. மரியாளும் யோவானும் இருபுறமும் துயரோடு நிற்கின்றனர். உள்ளே செல்பவர் யாராயினும், மறைமாவட்டத் தலைவரே ஆயினும், அறையப்பட்டவரின் நீட்டிய கரத்தின் கீழ்த்தான் நுழையவேண்டும். தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்த செய்தியை ஒரு மதிலைக் கொண்டே இவ்வளவு தெளிவாகச் சொல்லமுடியும் என்று நாம் எண்ணியிருக்கவில்லை. திரை இருக்கிறது, ஆனால் வழி அவரே.

இவ்வளவு சொன்னபின் உள்ளே என்ன உள்ளது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. மதிலுக்கு அப்பால், குருமாரின் பகுதியில், 12 சிலைகள் சுவரை ஒட்டி நிற்கின்றன. அவை அப்போஸ்தலரின் சிலைகள் அல்ல. பரிசுத்தவான்கள் எவரும் அல்லர். ஆலயத்துக்குச் சொத்து வழங்கிய பிரபுக்களும் அவர்களுடைய மனைவியரும். அவர்கள் மரித்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. 1249இல் பேராயரும் குருமார் குழுவும் விடுத்த ஒரு மடலில், பழைய கொடையாளரின் பெயர்களைச் சொல்லி, அவர்களைப் பின்பற்றிக் கட்டடப் பணிக்கு உதவுவோருக்காகவும் மன்றாட்டு உண்டு என்று வாக்களித்தனர். சிற்பமாக ஊத்தா சீமாட்டியின் உருவம் ஒப்பற்றது. மேலாடையைக் கன்னம்வரை உயர்த்திப் பிடித்த அக்கையைப் புகழாதவர் இல்லை; நாமும் புகழ்கிறோம். ஆனால் உயிரோடிருந்த உழவனுக்கு இடமில்லாத பகுதியில், மாண்டுபோன பிரபு கல்லாய் நின்று இடம் பிடித்திருக்கிறான். யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் அணிந்தவனையும் கந்தை உடுத்தவனையும் பற்றிக் கேட்கும் கேள்வி இங்கு எழாமல் இருக்குமா? வாயிலில் ஒரு நற்செய்தி, உள்ளே வேறொரு செய்தி. ஒரே பட்டறை இரண்டையும் செதுக்கியது. (கொடையாளரின் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள் நம் ஆலயச் சுவர்களில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.)

சீர்திருத்தம் மதிலை இடித்தது என்னும் கடைசிப் பகுதியும் தேறவில்லை. பிரான்சின் சார்த்திரஸ் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டு இடைமதிலை 1763இல் தகர்த்தவர்கள் கத்தோலிக்கக் குருமாரே. திரெந்து சங்கத்துக்குப் பின் பீடம் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்னும் கருத்து வலுத்ததனால், கத்தோலிக்க நாடுகளில் இடைமதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. நௌம்பூர்க் ஆலயத்திலோ 1542 ஜனவரியில் லூத்தர் நேரில் வந்து ஆம்ஸ்டோர்ஃபைப் பேராயராக அபிஷேகம் செய்தார். ஆலயம் சீர்திருத்தச் சபையின் கைக்கு வந்தது. மேற்கிலும் கிழக்கிலுமாக இரண்டு இடைமதில்களும் இன்றும் அங்கே நிற்கின்றன. இடித்ததாக நாம் பெருமை கொண்ட மதிலைக் காத்தவர் லூத்தரின் மக்கள்.

ஆகவே வகுப்பில் நாம் கூறி வந்ததைத் திருத்திக்கொள்கிறோம். கல்மதிலின்மேல் நாம் சுமத்திய குற்றத்தில் பெரும்பங்கு, அதனினும் எண்ணூறு ஆண்டு மூத்த அரைவட்டத்து நாற்காலிக்கு உரியது. மதிலுக்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலில் சிலுவையை நிறுத்தமுடிந்தது. நாற்காலிக்கு அப்படி ஒரு வாயில் இல்லை. மதில்களை நீக்கிய சபைகளும் காத்த சபைகளும் நாற்காலியைப் பெரும்பாலும் விட்டுவிடவில்லை. பீடத்தின் அருகே உயர்ந்த முதுகோடு, சிவப்பு மெத்தையிட்டு, ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும் அந்த இருக்கையில் நாமும் அமர்ந்திருக்கிறோம். அமர்ந்தபோது கூசவும் இல்லை.

டிரியர் கூடத்தின் பிற்கால வரலாறு இதனோடு சேர்த்து அறியத்தக்கது. இடைக்காலத்தில் அது பேராயரின் இல்லமாகவும், பின்னர் ஆளுகை செய்த பேராயரின் அரண்மனையின் பகுதியாகவும் ஆயிற்று. பிரஷ்ய மன்னன் நான்காம் பிரெடெரிக் வில்லியம் அதனைப் பழைய வடிவில் மீட்டு, 1856இல் புராட்டஸ்டன்டு சபைக்கு வழங்கினான். 1944இன் குண்டுவீச்சில் அது எரிந்தது. 1956இல் முடிந்த சீரமைப்பில் 19ஆம் நூற்றாண்டின் அலங்காரங்களை மீண்டும் செய்யாமல், சுவர்களை வெறும் செங்கல்லாகவே விட்டனர். பேரரசனுக்குரிய அரைவட்டத்தில் இன்று பீடம் நிற்கிறது; சபை அதனை நோக்கி அமர்கிறது. சாளரங்கள் மட்டும் கான்ஸ்டன்டைனின் கொத்தர் வகுத்த கணக்கின்படியே இருக்கின்றன. வாயிலில் நிற்பவருக்கு அந்தப் பீடம் இன்றும் உள்ளதைவிடத் தொலைவாகவே தெரிகிறது.