நீல் சிலை இறங்கிய விதம்

சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் சிலை நின்றது. மதராஸ் பியூசிலியர்ஸ் படையின் கர்னல் ஜேம்ஸ் நீல். 1857 கிளர்ச்சியின்போது வாரணாசியிலும் அலகாபாத்திலும் ஊர் ஊராக மக்களைத் தூக்கிலிட்டவர். கான்பூரில் கைதிகளைக் கொண்டு உறைந்த ரத்தத்தைத் துடைக்கவைத்து, பிறகு தூக்கிலேற்றியவர். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு எழுப்பிய சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் சிலை சாலையைவிட்டுப் போனது. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தளபதிகளுக்கு எழுப்பிய சிலைகளை என்ன செய்வது என்று அமெரிக்கர்கள் மோதிக்கொள்ளும் இந்தக் காலத்தில், நம் சிலை இறங்கிய விதத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். அகற்றியது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிலையை எடுத்தால் வரலாறு அழியும் என்பதுதான் எங்கும் முதலில் எழும் மறுப்பு. சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தூக்கிலிட்டது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்டோரையும் பினாங்குக்கு நாடுகடத்தியது. வென்றவர்கள் அவர்களுக்குக் கல் நடவில்லை. அவர்கள் பெயரைச் சொல்வதே ஆபத்தாக இருந்த காலம் அது. இருந்தும் கும்மியிலும் அம்மானையிலும் மருதுவின் கதை நின்றது, காளையார்கோவில் கோபுரத்தைப் பற்றிய பேச்சில் நின்றது. ஒரு சீமையே தன் நினைவைச் சிலையில்லாமல் நூறாண்டுக்கு மேல் காத்திருக்கிறது. அப்படியானால் சிலை தருவது என்ன? மரியாதை. ஊர் நடுவே, பீடத்தின் மேல், வரிப்பணத்தில் பராமரிக்கப்படும் மரியாதை. நீலைப் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. வழிப்போக்கர் எல்லாரும் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று எந்த வரலாறும் கேட்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: இதற்கு முடிவு எங்கே? இன்று நீல், நாளை யார்? இதற்குப் பதில் அதே மவுண்ட் ரோட்டின் வடகோடியில், தீவுத்திடல் அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது. தாமஸ் மன்றோவும் கம்பெனியின் ஆள்தான், பாளையக்காரர்களை அடக்கியவர்தான். ஆனால் அவருக்குச் சிலை எழுந்தது உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்காகவும் கவர்னராக நடத்திய நிர்வாகத்துக்காகவும். நீலுக்கு எழுந்ததோ 1857இல் அவர் செய்த அந்தக் காரியத்துக்காகவே. ஒருவர் வாழ்க்கையில் கறை உண்டா என்று தேடினால் எந்தப் பீடமும் மிஞ்சாது. எந்தச் செயலைப் போற்றி அந்தக் கல் நடப்பட்டது என்று கேட்டால் கோடு தெளிவாகவே விழுகிறது. அடிமைகளை வைத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டனையும் தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். ரிச்மண்ட் நகரில் லீயின் சிலை எழுந்தது 1890இல், உள்நாட்டுப் போர் முடிந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. கறுப்பின மக்களிடமிருந்து வாக்குரிமையைத் தென்மாநிலங்கள் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. இறந்தவரை எண்ணி அழுவதற்கு வைத்த கல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆள்பவர் யார் என்று அறிவிக்க வைத்தது அது.

எப்படி அகற்றினார்கள் என்பதும் எதை அகற்றினார்கள் என்பதற்கு இணையான கேள்வி. 1927இல் திருநெல்வேலி சோமயாஜுலு போன்றோர் முன்னின்றனர். கோடரியோடும் உளியோடும் சிலைமேல் ஏறியவர்கள் ஓடி ஒளியாமல் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளோடு கலந்துகொண்டார். காந்தி ஆதரித்தார், அகிம்சை மீறப்படக் கூடாது என்ற நிபந்தனையோடு. சிலை உடனே இறங்கவில்லை. ராஜாஜி அமைச்சரவை வந்தபின்புதான் நகராண்மையின் தீர்மானத்தோடு இறங்கியது. பத்தாண்டுத் தாமதம் பெரிய தாமதம்தான். ஆனால் வெளிப்படையாக வாதிட்டு எடுத்த சிலையைத் திரும்ப வைக்க இன்றுவரை எவரும் துணியவில்லை. மெரினாவின் கண்ணகி சிலையைப் பாருங்கள். 2001 டிசம்பரில் போக்குவரத்தைக் காரணம் காட்டி, மக்களிடம் கேட்காமல் எடுத்தார்கள்; ஆட்சி மாறியதும் 2006இல் அது பழையபடி கடற்கரைக்கு வந்துவிட்டது. வந்தது நல்லதே. ஆனால் ஆள்பவர் விருப்பத்துக்குச் சிலைகள் போவதும் வருவதும் தீர்வாகாது.

அகற்றுவதால் தீராதது இன்னொன்றும் உண்டு. 1997 வரை நம் சிவகங்கை மாவட்டத்துக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் இருந்தது. சாதிக் கலவரங்களை அடுத்து, மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. ஒருவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைத்தது அந்த முடிவின் பலம். பலவீனம், பகையின் வேர் தொடப்படவே இல்லை என்பது. பெயர் போனது, பகை நின்றது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அம்பேத்கர் சிலை இன்றும் இரும்புக் கூண்டுக்குள்தான் இருக்கிறது. பீடத்தைக் காலி செய்வதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் எந்தச் சமூகமும் இதையே காணும்.

சார்லட்ஸ்வில்லில் லீயின் சிலையை இறக்கி, 2023இல் உருக்கிவிட்டார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகளிடம் அது தவறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த நீல், உருகிப்போன லீயைவிடப் பயனுள்ள சாட்சி. அந்தச் சாட்சியைப் பேச வைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் செய்தது, சிலையை எழுப்பியவர்கள் அதை எதற்காகப் போற்றினார்கள் என்பது, அதை இறக்கச் சிறை சென்றவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றும் சிலையின் பக்கத்திலேயே தமிழில் எழுதப்பட வேண்டும். அண்ணா சாலையில் அது நின்ற இடத்திலும் அஞ்சலையம்மாளுக்கும் அவர் மகளுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும். மாநகராட்சியும் அரசும் ஒரு தீர்மானத்தில் செய்துவிடக்கூடிய காரியம் இது.