பூச்சியம் கிலோமீற்றர்: ஒரு மெனு அட்டையை வாசித்தல்

இந்தப் பக்கங்களில் வழமையாகப் புத்தகங்கள்தான் விமர்சிக்கப்படும். இம்முறை நாம் எடுத்துக்கொண்டது ஒரு மெனு அட்டை. பலெர்மோவில், கபோ சந்தையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், நாம் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது மரக்கறி வெட்டும் உணவகத்தின் மாலைநேர அட்டை. உணவகத்தின் பெயர் வேண்டாம். இதுபோல் இந்நகரில் பல உண்டு.

மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை 'அப்பெரித்தீவோ'. ஒரு கொக்ரெயில் வாங்கினால் சிறு தட்டுகளும் கூடவே வரும். விலை 12 யூரோ. வெளியே சந்தையில் 3 யூரோவுக்குப் பாணுக்குள் வைத்துத் தரும் பனெல்லே என்ற கடலைமாப் பொரியல், உள்ளே வந்ததும் விரலளவாகச் சுருங்கி மரப்பலகையில் ஏறுகிறது. ருசி குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அட்டையின் மொழிநடைதான் எம்மை இழுத்தது. ஒவ்வொரு வரியும் ஒரு தோட்டத்தின் பெயரோடு முடிகிறது. ஜின்னில் சேரும் மந்தாரின் சாக்குல்லியிலிருந்து வருகிறது என்கிறது அட்டை. அது உண்மை, மெச்சத்தக்க உண்மை. பலெர்மோவைச் சுற்றியிருந்த 'பொன் கிண்ணம்' என்ற தோடந்தோட்டச் சமவெளியை 1950களிலும் 60களிலும் சீமெந்து விழுங்கியது. தப்பிய மரங்களில் பிந்திப் பழுக்கும் இந்த மந்தாரினும் ஒன்று. அதை வாங்கும் முதலாளியை நாம் குறை சொல்லமாட்டோம்.

ஆனால் அட்டையின் தலைப்பு 'பூச்சியம் கிலோமீற்றர்'. நாம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்ட படிப்பு புவியியல். தூரம் என்றால் காது தானாக நிமிரும். இத்தாலியில் 2022ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டம் இச்சொல்லுக்கு எல்லை வகுத்தது: விற்கும் இடத்திலிருந்து 70 கிலோமீற்றருக்குள், அல்லது அதே மாகாணத்துக்குள் விளைந்ததாக இருக்கவேண்டும். இதே அட்டையில் வரும் பக்கீனோத் தக்காளி தீவின் மறுமுனையில், 200 கிலோமீற்றருக்கு அப்பால் விளைவது. அந்தச் சின்னத் தக்காளியின் விதையும் 1989இல் இஸ்ரேலிய விதைக் கம்பனி ஒன்றிடமிருந்து வந்தது. கப்போனாத்தாவின் கத்தரிக்காயோ அரபிகளோடு வந்தது. அதன் பூர்வீகம் எங்கள் பக்கம்.

வந்தது குற்றமில்லை. வந்ததை மறைப்பதற்கு ஒரு நடை இருக்கிறது, அதைத்தான் சொல்கிறோம். தோட்டத்துக்குப் பெயர் உண்டு, பிடுங்கியவனுக்கு இல்லை. தரகர் வைத்துத் தோட்டக் கூலிகளைச் சுரண்டினால் முதலாளியும் குற்றவாளி என்று 2016ஆம் ஆண்டின் 199ஆம் இலக்கச் சட்டம் சொல்லவேண்டியிருந்த நாடு இது. குசினிக்குள் நிற்கும் நாம் ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடந்து வந்தவர்கள். (குசினி என்று நாம் போர்த்துக்கேயரிடம் எடுத்த சொல்லை இங்கே குச்சீனா என்கிறார்கள். முதல்நாள் வேலையில் எமக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான்.)

இதை எழுதும்போது எமது புலம்பெயர் கதைகளும் நினைவுக்கு வருகின்றன. பனை, கிடுகு வேலி, முருங்கை: பக்கத்துக்குப் பக்கம் ஊரின் பெயர் பொறித்த சரக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றில் அள்ளவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள் அந்த அட்டையிலும் இல்லை. நாமும் அப்படி இரண்டு கதை எழுதியவர்கள்தான்.

போன மாரியில் ஒருநாள் மாலை, கொக்ரெயிலில் மணக்கும் கறுவா எங்கிருந்து வந்தது என்று ஒரு மேசையில் கேட்டார்களாம். பரிமாறும் பெடியன் குசினிக்கு ஓடிவந்தான். இலங்கை என்றோம். "உன்ர இடமா?" என்றான். கறுவா விளைவது தெற்கே, காலி, மாத்தறைப் பக்கம். எமது ஊரில் ஒரு கறுவாத் தோட்டத்தைத்தானும் நாம் கண்டதில்லை. காலிக்கு ஒருநாளும் போனதில்லை. வெங்காயம் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. ஓம் என்று தலையாட்டினோம். அந்த மேசையில் இரண்டாம் சுற்றும் விற்றது.

அடுத்த கிழமை அட்டையில் ஒரு புதிய வரி: 'கறுவா, எமது சமையற்காரரின் ஊர்த் தோட்டத்திலிருந்து'. நாம் அதைத் திருத்தச் சொல்லவில்லை.